துலாவைச் சுமந்த சுவர்

நேயர்களுக்கு வணக்கம்.

ஏற்றம் இறைத்ததைப் பார்த்தவர்கள் உங்களில் எத்தனை பேரோ! கிணற்றோரம் ஒரு ஏற்றக்கால், அதன்மேல் குறுக்கே ஒரு துலா, துலாவின் ஒரு முனையில் கிணற்றுக்குள் தொங்கும் சால். ஆள் துலாமேல் முன்னும் பின்னும் நடப்பார், சால் இறங்கும், ஏறும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நான் பேசப்போகும் கட்டடத்துக்கு வேறு படமே வேண்டாம்.

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் கார்ன்வால். வெள்ளீயமும் செம்பும் தோண்டிய பூமி. கடலோரப் பாறைகளில், மேய்ச்சல் நிலங்களின் நடுவில், கூரையில்லாத ஒல்லியான கருங்கல் கட்டடங்கள் நிற்கும். சுரங்கத்தில் ஊறும் நீரை இறைத்த ஆவி இயந்திரங்களின் கூடங்கள் அவை. மூலையில் ஒரு புகைபோக்கி, அதன் அடிப்பாகம் கல், மேல்பாகம் செங்கல். நான் கோலார் தங்கவயலில் பிறந்தவன். எங்கள் சுரங்கங்களை நிர்வகித்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனிக்குக் கார்ன்வாலில் பழைய வேர் உண்டு. அங்கிருந்து சுரங்கக்காரர்கள் எங்களூருக்கு வந்தார்கள். அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

மகள் வேலைக்காக அந்த நாட்டுக்குப் போனாள். போன இடத்தில் எல்லாரும் லண்டன் பார்ப்பார்கள், நான் செயின்ட் ஆக்னஸ் பக்கம் வீல் கோட்ஸ் போனேன். 'வீல்' என்றால் அவர்கள் பழைய மொழியில் வேலை நடக்கும் இடம், அதாவது சுரங்கம். டோவன்ரோத் என்ற குழியின் நீரிறைப்புக் கூடம், 1872இல் கட்டியது, செங்குத்துப் பாறையின் இடுப்பில் நிற்கிறது. தூறல், காற்று. கீழே இரும்புக் கம்பி வலை போட்டு மூடிய குழி. குனிந்து காது கொடுத்தேன். அடியிலிருந்து அலைச்சத்தம் வந்தது. "அப்பா, பார்த்தது போதும், நனைகிறீர்கள்" என்றாள் மகள். நான் சுவரைத் தடவிக்கொண்டு நின்றேன். கல்லில் அபிரகம் மினுங்கியது. உத்திரம் செருகிய சதுரக் குழிகள் உள்சுவரில் வரிசையாக இருந்தன. உத்திரம் எப்போதோ போய்விட்டது.

பக்கத்தில் ஒருவர் படம் எடுத்தபடி, "முன்பக்கம் மட்டும் பாதி இடிந்துபோச்சு" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. ஐயா, இடியவில்லை, கட்டும்போதே அப்படித்தான்! அந்த முன்சுவர்தான் ஏற்றக்கால். நாலைந்து அடி கனம். அதன் உச்சியில் இரும்புத் துலா உட்கார்ந்து ஆடும். பாதி உள்ளே, பாதி வெளியே குழிக்கு மேலே. துலா ஆட வழி வேண்டுமே, அதனால் கல்லை அந்த உயரத்தோடு நிறுத்திவிட்டு, அதற்கு மேலே பலகை அடித்தார்கள். பலகை மக்கிப்போனது, வாய் பிளந்த முகம் மாதிரி சுவர் நிற்கிறது.

நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான், வீட்டில் கேட்டுச் சலித்துவிட்டார்கள்: அது இயந்திரத்தை மூடி வைத்த வீடு இல்லை. சுவர் இயந்திரத்தின் ஓர் உறுப்பு. அந்த இயந்திரத்துக்குத் தனிச் சட்டமே கிடையாது. உள்ளே சிலிண்டர், அதன் கீழே கல் மேடை, மேடையோடு அதை இறுக்கும் நீளமான போல்ட்டுகள். சிலிண்டரைக் கொண்டுவரப் பின்சுவரில் ஒரு பெரிய வளைவு. ஆவி பிஸ்டனைக் கீழே தள்ளும், வெளியே துலாவின் மறுமுனை குழிக்குள் இறங்கிய மரத்தண்டுகளைத் தூக்கும். பிறகு அந்தத் தண்டுகள் தம் எடையாலேயே இறங்கி நீரை மேலே தள்ளும். நம் ஏற்றத்தில் மனிதன் நடந்தான், அங்கே ஆவி நடந்தது. 1892இல் செய்த ஓர் இயந்திரம் ஈஸ்ட் பூல் சுரங்கத்தில் இன்றும் இருக்கிறது. துலா மட்டும் 52 டன். சிலிண்டரின் விட்டம் 90 அங்குலம், ஆள் உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். 1954 வரை நீர் இறைத்தது. இப்படிப்பட்ட பாரத்தைத் தாங்கிய சுவர், பாரம் போனபின் சும்மா நிற்க என்ன கஷ்டம்?

இயந்திரம் எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். விற்றுவிட்டார்கள். ஒரு சுரங்கம் நொடித்தால் அடுத்த சுரங்கக்காரர் கழற்றிக்கொண்டு போவார். ஈஸ்ட் பூல் இயந்திரமே முதலில் வேறு சுரங்கத்தில் ஓடியதுதான். சுவரை மட்டும் யாரும் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை.

ஜேம்ஸ் வாட்டின் கதையைச் சொல்லாமல் விட மனமில்லை. கார்ன்வாலில் நிலக்கரி கிடையாது, வேல்ஸிலிருந்து கப்பலில் வரவேண்டும். வாட்டின் இயந்திரம் கரியை மிச்சப்படுத்தியது. அவரும் கூட்டாளி போல்ட்டனும், "மிச்சமாகும் கரியின் விலையில் மூன்றில் ஒரு பங்கு எங்களுக்கு" என்றார்கள். மிச்சத்தை எப்படி அளப்பது? துலா எத்தனை தடவை ஆடியது என்று எண்ணும் ஒரு கருவியைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, துலாவிலேயே மாட்டிவிட்டார்கள். ஆட்டோ மீட்டர் மாதிரிதான், சண்டையும் அதே மாதிரிதான்! பணம் கட்டாமல் இழுத்தடித்தவர்கள் உண்டு, வழக்கும் போட்டார்கள். 1800இல் காப்புரிமை முடிந்தது. பிறகு அந்த ஊர்க்காரரே ஆன ரிச்சர்ட் ட்ரெவிதிக் அதிக அழுத்த ஆவியைப் புகுத்தினார். 1811 முதல் எந்தச் சுரங்கத்தின் இயந்திரம் எவ்வளவு கரிக்கு எவ்வளவு வேலை செய்கிறது என்று மாதாமாதம் அச்சிட்டே போட்டார்கள். பக்கத்து ஊர்க்காரன் முந்திவிடுவானே என்ற ரோஷம் போதாதா, எல்லா இயந்திரமும் தேறின.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கைகாட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான். கார்ன்வாலின் லெவன்ட் சுரங்கத்தைச் சொல்ல வேண்டும். 1919 அக்டோபர் 20இல், ஆட்களை ஏற்றி இறக்கும் கருவி அறுந்து 31 பேர் இறந்தார்கள். அதே லெவன்ட்டில், 1840இல் நிறுவிய ஓர் இயந்திரத்தை ஆர்வலர்கள் துருவைச் சுரண்டிச் சரிசெய்து 1993இல் மறுபடி ஆவியில் ஓட்டினார்கள். 2006இல் யுனெஸ்கோ அந்தச் சுரங்கப் பகுதிகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

கோலார் கதை... அதற்கு நேரமில்லை. காவிரியின் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து 1902இலேயே எங்களுக்கு மின்சாரம் வந்துவிட்டது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். கார்ன்வாலின் கடைசி வெள்ளீயச் சுரங்கம் 1998இல் மூடியது, எங்களுடையது 2001இல். வணக்கம்.