கைப்புண்ணும் கண்ணாடியும்

(மாங்குளம் பக்கத்து வாசிகசாலை ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, பிரதேச செயலாளர் அம்மா அவர்களே, கிராம சேவையாளர் தம்பி, கமக்காரர் அமைப்புத் தலைவர் அண்ணை, பங்குத்தந்தை அவர்களே, கோயில் ஐயா, ஒலிபெருக்கியைக் காசு வாங்காமல் கட்டித் தந்த தம்பி, எல்லாருக்கும் வணக்கம். நீங்கள் போர்த்திய பொன்னாடையை வெக்கைக்கு மடித்து மடியில் வைத்திருக்கிறேன். குறை நினைக்க வேண்டாம்.

மூன்று விசயம் சொல்ல வந்தேன்: கல்லை ஒளியால் அறிவது, அதையே செய்மதியிலிருந்து செய்வது, புல்மோட்டைக் கரையின் இல்மனைற்று என்ற கறுப்புக் கனிம மணல்.

1800 இல் வில்லியம் ஹேர்ஷல் அரியத்தில் பிரிந்த வெயிலுக்குள் வெப்பமானி வைத்தார். சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இடத்திலும் சூடு ஏறியது. செந்நிறக்கீழ்க் கதிர் என்று பள்ளியில் படித்தோமே, அதுதான். கனிமங்கள் அந்தக் கதிரில் தங்கள் தங்கள் பங்கை விழுங்கிவிட்டு மிச்சத்தைத் திருப்பி விடும். கயோலினைற்றுக் களி 2.2 மைக்ரோமீற்றரில் விழுங்கும், சுண்ணக்கல் 2.34 அளவில். திரும்பி வரும் ஒளியை அளந்து கீறிய வரைபில் அந்த இடம் பள்ளமாக விழும்.

என் பெரியப்பா கிணறு வெட்டியபோது உக்கிய கருங்கல்லுக்குள் மஞ்சளாய் மினுங்கியது. அன்றிரவு பெரியம்மாவுக்கும் சொல்லவில்லை. நெல்மூட்டைக்குள் ஒளித்து, விடிய முதல் பஸ்ஸில் வவுனியாவுக்குப் போனார். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் "பையில் என்ன?" என்று கேட்க, "மருந்து" என்றாராம். பத்தர் நகத்தால் சுரண்ட, தகடு தகடாகக் கழன்றது. "ஐயா, இது காக்காப்பொன். பொடியளுக்கு விளையாடக் குடுங்கோ." பெரியப்பா திரும்பி வரும்போது அந்த மனுசன் அதே பஸ்ஸில்! "மருந்து பலிச்சதோ?"

கனகாலம் கழித்து அதே கல்லை, ஒளியைப் பிரித்து அளக்கும் நிறமாலைமானியில் வைத்தேன். 1.9 அருகே நீரின் பள்ளம், 2.3 அருகே மக்னீசியத்தோடு ஒட்டிய ஐதரொட்சிலின் பள்ளம். உக்கிப்போன கறுப்பு மைக்கா, அதாவது காக்காப்பொன்தான். பத்தரின் நகம் பொய் சொல்லவில்லை.

கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டாம் என்பார்கள். முதுகுப் புண்ணுக்கு? செய்மதிதான் அந்தக் கண்ணாடி. 1982 இல் அமெரிக்காவின் லாண்ட்சாட் 4 செய்மதியில் 2.2 மைக்ரோமீற்றர் அலைவரிசையைச் சேர்த்ததே நிலவியலாளருக்காக. ஆனால் அது பார்ப்பது நிலத்தின் தோலை மட்டும். நம் காட்டில் இலைதான் தெரியும். காலபோக உழவுக்கு முன், வயல் வெறுமையாய்க் கிடக்கும்போது பார்க்க வேண்டும்.

இனி நம் முதுகுக்கு வருவோம். குளத்து அலைகரைக்கு மேலே கிரவல் தோண்டுகிறார்கள். டிப்பர் ஓடுவது ராத்திரியில். பச்சை இலை, சிவப்பை ஒட்டிய செந்நிறக்கீழ்க் கதிரைப் பளிச்சென்று தெறிக்கும். காடு போன இடத்தில் அந்தப் பளிச்சு குறைந்து, கிரவலில் உள்ள இரும்பொட்சைட்டின் பள்ளம் 0.9 அருகே தெரியும். ஐரோப்பாவின் சென்டினல் 2 செய்மதிகள் ஐந்து நாளுக்கொருக்கால் 10 மீற்றர் நுணுக்கத்தில் எடுக்கும் படம் யாருக்கும் இலவசம். கைப்புண் இல்லை என்று சாதிப்பவருக்கு இந்தக் கண்ணாடியைத்தான் காட்ட வேண்டும். செயலாளர் அம்மா, உங்களிடம் ஒன்றே கேட்கிறேன்: மாதம் ஒரு படம் கமக்காரர் மண்டபத்துச் சுவரில் ஒட்ட அனுமதி தாருங்கள்.

மணி அடித்துவிட்டார்கள், இல்மனைற்று அடுத்த முறை. படம் ஒட்ட முதிரைப் பலகை நான் தருகிறேன். ஆணி ஆர் தருவீர்கள்?