பருமலைக் கோயில் யாருடைய பெயரில் உள்ளது? நேயர் ஒருவரின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னை இரண்டு நாள்கள் விடாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. நேயர் கேட்டிருப்பது இதுதான்: "நீங்கள் பருமலையைப் பருமலைத் திருமேனியின் கோயில் என்றே பேசுகிறீர்கள். நான் நேரில் சென்றபோது புனித பேதுரு, புனித பவுல் ஆர்த்தடாக்ஸ் தேவாலயம் என்று எழுதியிருந்தது. அப்படியென்றால் அக்கோயிலின் பாதுகாவலரான புனிதர் யார்?" எழுதியிருப்பதைக் கவனித்துப் படித்துவிட்டு, அதைக் கேள்வியாகவும் அனுப்பிய அந்த நேயரை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

பருமலை என்பது கேரளத்தின் பத்தனம்திட்டா மாவட்டத்தில், பம்பை ஆற்றின் கரையில் உள்ள ஒரு சிற்றூர். அங்குள்ள தேவாலயம் பேதுரு, பவுல் என்னும் இரு திருத்தூதர்களின் பெயரில்தான் அர்ப்பணிக்கப்பட்டது. அதில் ஐயமே வேண்டாம். ஆனால் திருத்தூதர்களின் நாளான ஜூன் 29 அன்று அந்த ஊருக்குச் சென்று பாருங்கள். பிறகு நவம்பர் 2 அன்றும் சென்று பாருங்கள். அக்டோபர் 26 அன்று கொடியேற்றம் முடிந்த நாளிலிருந்து பல ஊர்களிலிருந்தும் மக்கள் நடந்தே வரத் தொடங்குவார்கள். அவர்கள் தேடி வருவது 1902 நவம்பர் 2 அன்று மறைந்து, மறுநாள் அந்தக் கோயிலிலேயே அடக்கம் செய்யப்பட்ட, பருமலைத் திருமேனி என்று மக்கள் அழைக்கும் ஓர் ஆயரின் கல்லறையை. வழக்கமாகக் கேட்பவர்களுக்குத் தெரியும், நான் எப்போதும் வற்புறுத்துகிற செய்தி ஒன்று உண்டு: ஆர்த்தடாக்ஸ் போன்ற கீழைத் திருச்சபைகளில் பெரும்பாலும் மக்கள் முதலில் வருகிறார்கள், புனிதர் என்ற அறிவிப்பு பின்னால் வருகிறது. அதற்குப் பருமலையைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

அவர் பெயர் கீவர்கீஸ் மார் கிரிகோரியோஸ். 1848 ஜூன் 15 அன்று முளந்துருத்தியில், சாத்துருத்தி குடும்பத்தில் பிறந்தார். பத்து வயதை ஒட்டிய பருவத்திலேயே கரிங்காச்சிறைக் கோயிலில் செம்மாசன் பட்டம் பெற்றார்; செம்மாசன் என்பது நாம் திருத்தொண்டர் என்று சொல்கிற நிலை. அவருடைய சிற்றப்பன்தான் அவருக்குச் சுரியானி மொழியும் வழிபாட்டு முறையும் கற்பித்த மல்பான், அதாவது ஆசிரியர். அந்த ஆசிரியருக்கு அம்மை கண்டது. அம்மை என்றால் வீட்டு மனிதர்களே விலகி ஓடிய காலம் அது. இந்தச் சிறுவன் விலகாமல் உடனிருந்தான். ஆசிரியர் இறந்தார், சிறுவனுக்கும் அம்மை கண்டு, பின்பு பிழைத்தான். அவருடைய வரலாற்றை யார் கேட்டாலும் நான் இந்த இடத்தில்தான் தொடங்குவேன். பின்னாளில் அவர் செய்த எல்லாவற்றிலும் இந்த உடனிருத்தல் தெரிகிறது.

1876 டிசம்பரில் வடக்குப் பறவூரில் அந்தியோக்கியாவின் பிதாப்பிதா, அதாவது சுரியானித் திருச்சபையின் தலைவர், பேதுரு அவரை ஆயராக உயர்த்தினார். அந்தச் சமயத்தில் ஆயரான அறுவரில் இவர்தான் இளையவர், வயது இருபத்தெட்டு. ஆகவே மக்கள் அவரைக் 'கொச்சுத் திருமேனி' என்று அழைத்தார்கள். நமக்குத் திருமேனி என்றவுடன் கருவறையில் இருக்கும் இறைவனின் வடிவம் நினைவுக்கு வரும். மலையாளத்தில் அது ஆயரை மரியாதையாக அழைக்கும் சொல். கொச்சு என்றால் சிறிய. மரியாதையும் செல்லமும் ஒரே அழைப்பில் சேர்ந்திருப்பதைக் கவனியுங்கள். ஒரு வீட்டின் கடைக்குட்டியை அழைப்பதைப் போல ஓர் ஆயரை ஊர் அழைத்திருக்கிறது!

பருமலையில் அவர் தங்கியது 'அழிப்புரை' என்ற எளிய கட்டடத்தில். நம் ஊர்ப் பழைய வீடுகளிலும் திண்ணைக்கு அழி பாய்ச்சுவார்கள் அல்லவா, அதே அழிதான். நோன்பு, இரவு வேண்டுதல், செம்மாசன்களுக்குப் பாடம் ஆகிய மூன்றும் அங்கே அவருடைய நாள்களை நிறைத்தன. ஒடுக்கப்பட்ட மக்களிடையே பணி, பள்ளிக்கூடங்கள் எனத் தம் நிரணம் மறைமாவட்டத்திற்கு வெளியிலும் அவர் உழைத்தார். 1895இல் எருசலேமுக்குச் சென்று வந்து, அந்தப் பயணத்தை 'ஊர்ஸ்லேம் யாத்ரா விவரணம்' என்று மலையாளத்தில் நூலாக அச்சிட்டார். அதே ஆண்டில்தான் பருமலையில் எழுந்த புதிய கோயிலும் அர்ப்பணிக்கப்பட்டது. அந்தக் கோயிலை எழுப்பிய காலத்தில் அதன் தலைவர் அவரே. ஆயினும் கோயில் திருத்தூதர்களின் பெயரைத் தாங்கியது. ஏழே ஆண்டுகளில், ஐம்பத்து நான்கு வயதில், அவர் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். இன்று நாம் காண்பது அந்தக் கட்டடம் அன்று. கட்டடக்கலைஞர் சார்லஸ் கொரியாவின் வடிவமைப்பில் உருவாகி, 2000ஆம் ஆண்டில் அர்ப்பணிக்கப்பட்ட பெரிய தேவாலயம். கல்லறையை மட்டும் இடம் மாற்றவில்லை.

நான் அங்கே சென்றிருந்த ஒரு காலையில், ஒரு மூதாட்டி கல்லறையின் விளிம்பில் நெற்றியைப் பதித்து நெடுநேரம் நின்றிருந்தார். வேண்டுதல் எதையும் அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. வீட்டுச் செய்திகளைத்தான் தாழ்ந்த குரலில், ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மருமகளின் பிரசவம், மகனின் வேலை, கிணற்றில் நீர் வற்றியது. பிறகு முந்தானையால் அந்த விளிம்பைத் துடைத்துவிட்டுச் சென்றார். பாதுகாவலர் யார் என்று கேட்ட நேயருக்கு நான் காட்ட விரும்புவது அந்த முந்தானையைத்தான். எழுதியிருக்கும் பெயரும் உண்மை, அந்த மூதாட்டி பேசியதும் உண்மை. இரண்டும் ஒரே கூரையின் கீழ் ஒன்றையொன்று தள்ளாமல் இருக்கின்றன.

இனி, நேயர் கேட்காவிட்டாலும் அவர் கேட்டிருக்கக் கூடாதா என்று நான் ஏங்குகிற ஒரு கேள்விக்கு வருகிறேன்: அவரைப் புனிதர் என்று அறிவித்தவர் யார்? அறிவிப்பு வந்தது 1947 நவம்பர் 2 அன்று. நாற்பத்தைந்து ஆண்டுகள் மக்கள் அந்தக் கல்லறைக்கு வந்து போனதற்குப் பிறகுதான் திருச்சபை வாய் திறந்தது. மக்கள் முதலில், அறிவிப்பு பின்னால் என்று நான் சொன்னது இதைத்தான். அறிவித்தவர் அன்றைய கத்தோலிக்கோஸ், அதாவது அந்தத் திருச்சபையின் தலைவர், இரண்டாம் பசேலியோஸ் கீவர்கீஸ். அப்போது அவருக்கு வயது எழுபத்து மூன்று. 1892இல், மீசை அரும்பும் வயதில், அவருடைய தலைமேல் கை வைத்துச் செம்மாசன் பட்டம் தந்தவர் பருமலைத் திருமேனி.