நான்கு ரூபாய் எங்கே போனது?

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

அரசு தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் கோபா பிரிவுக்குப் பாடம் எடுக்கிறேன். கணினி இயக்குபவர் மற்றும் நிரலாக்க உதவியாளர் என்பது அந்தப் பிரிவின் முழுப் பெயர். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்துக் கோபா என்று கூப்பிடுகிறோம். ஐ.டி.ஐ. என்றாலே ஃபிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன் என்றுதான் வீடுகளில் பேசிக்கொள்கிறார்கள். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை அங்கே வந்து நிரல், அதாவது கணினிக்கான கட்டளைத் தொகுப்பு, எழுதக் கற்கலாம் என்ற செய்தி இன்னும் பல ஊர்களுக்குப் போய்ச் சேரவில்லை. அதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

எங்கள் கணினி ஆய்வகத்துக்கு அடுத்த கட்டடம் ஃபிட்டர் பட்டறை. ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் ஜன்னலைத் திறந்தால் அரம் போடும் சத்தம்தான். புதிதாகச் சேர்ந்த பையன்கள் ஓர் இரும்புத் துண்டை வைஸில் பிடித்து, வாரக்கணக்கில் ராவிக்கொண்டிருப்பார்கள். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பார்கள். இடுக்கில் ஒரு மயிரிழை வெளிச்சம் கசிந்தாலும் திரும்ப ராவ வேண்டும். "மிஷினில் எப்போது சார் விடுவீர்கள்?" என்று அவர்கள் கேட்பதும், "முதலில் கை பழகட்டும்" என்று அங்குள்ள பயிற்றுநர் சொல்வதும் எனக்குக் கேட்கும்.

நிரல் எழுதுவதும் கை பழக வேண்டிய வேலை. கல்லூரி வகுப்பில் உட்கார்ந்து குறிப்பெடுப்பதைவிட, பட்டறை முறையில் அது நன்றாகப் படியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கோபா ஓராண்டுப் படிப்பு; மொத்தம் 1,200 மணி நேரம். அதில் 840 மணி நேரம் செய்முறை. கோட்பாட்டு வகுப்புக்கு 240 மணி நேரம்தான். மீதி வேலைவாய்ப்புத் திறன்களுக்கு. ஒரு பிரிவில் 24 பேர். 1950இல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் தொடங்கிய காலத்தில் இரும்புக்கும் மரத்துக்கும் வகுத்த முறை இது. கையால் செய், செய்ததைப் பதிவேட்டில் எழுது, பயிற்றுநரிடம் காட்டு. கணினிக்கும் அதே முறை பொருந்துகிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த 840 மணி நேரமும் நிரலுக்குக் கிடைக்காது. விண்டோஸ், லினக்ஸ் கட்டளைகள், எக்செல், தரவுத்தளம், நெட்வொர்க், இணையப் பாதுகாப்பு என்று பாடத்திட்டம் அகலமாக விரிந்திருக்கிறது. நடுவே ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழி வருகிறது. பைதான், ஜாவா என்ற வேறு இரண்டு நிரல்மொழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஆகவே நிரலில் தேற நினைக்கிற பிள்ளை மாலையில் ஆய்வகம் பூட்டும்வரை உட்கார வேண்டியிருக்கும்.

தொடக்கம் எப்படி இருக்கும்? இரண்டு எண்களைக் கூட்டும் நிரல்தான் பெரும்பாலும் முதல் வேலை. போன ஆண்டு ஒரு பையன் ஜாவாஸ்கிரிப்டில் எழுதினான். 5 கொடுத்தான், 3 கொடுத்தான். திரையில் 53 என்று வந்தது. "சார், இந்த சிஸ்டம் ரிப்பேர்" என்றான். அடுத்த சிஸ்டத்துக்குப் போனான், அங்கேயும் 53. அவனிடம் கேட்டேன்: "5ஆம் நம்பர் பஸ்ஸும் 3ஆம் நம்பர் பஸ்ஸும் வந்தால் இரண்டையும் கூட்டி 8ஆம் நம்பர் என்பாயா?" கொஞ்ச நேரம் விழித்தான். பிறகு பிடித்துக்கொண்டான். விசைப்பலகை வழியே உள்ளே வருவதைக் கணினி எழுத்தாகவே வாங்கி வைத்துக்கொள்கிறது. எழுத்தோடு எழுத்தைக் கூட்டச் சொன்னால் பக்கத்தில் ஒட்டிவைக்கிறது. அதை எண்ணாக மாற்றச் சொல்வது எழுதுகிறவரின் பொறுப்பு.

இதே இடத்தில் மொழிக்கு மொழி குணம் மாறும். ஓர் எழுத்தையும் ஓர் எண்ணையும் கூட்டச் சொன்னால் ஜாவாஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் ஒட்டிவிட்டுப் போய்விடும். பைதான் அந்த வரியிலேயே நின்று, டைப் எரர், அதாவது வகைப் பிழை, என்று அறிவிக்கும். தவறு செய்தவுடன் நின்று சொல்லும் மொழிதான் புதியவர்களுக்கு நல்லது என்பது என் அனுபவம். தேர்வு என் கையில் இருந்தால் பைதானைத்தான் முதலில் வைப்பேன்.

பிழைச் செய்தி ஆங்கிலத்தில் வரும். தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் அந்தச் சிவப்பு எழுத்துகளைக் கண்டதும் படிக்காமலே திரையில் அந்த ஜன்னலை மூடிவிடுவார்கள். அவர்களுக்குத் தெரியாத ஆங்கிலமா அது? இல்லை. நேம் எரர், டைப் எரர், சின்டாக்ஸ் எரர், இன்டென்டேஷன் எரர், இண்டெக்ஸ் எரர் என்று பத்துப் பன்னிரண்டு சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும். ஃபிட்டர் பையன் மைக்ரோமீட்டர், வெர்னியர் என்று பழகிக்கொள்வதுபோல இவற்றையும் ஒரே மாதத்தில் பழகிக்கொள்ளலாம். பைதானில் கடைசி வரியை முதலில் படியுங்கள். என்ன பிழை என்று அங்கே இருக்கும். எந்த வரியில் என்பது அதற்குச் சற்று மேலே இருக்கும்.

இன்னொரு சலுகையும் தருகிறேன். பைதான் 3இல், மதிப்புகளைப் போட்டு வைக்கும் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். அசல், வட்டி, தவணை என்று எழுதினால் அப்படியே ஏற்றுக்கொள்ளும். முதல் சில வாரங்கள் அப்படி எழுத விடுகிறேன். கட்டளைச் சொற்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஆனாலும் தான் நினைத்ததைத் தன் சொல்லில் எழுதிப் பார்க்கும்போது பயம் பாதி விலகிவிடுகிறது.

எல்லோரும் பிழை நோட்டு ஒன்று வைத்திருக்க வேண்டும். அதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். தேதி, என்ன செய்ய நினைத்தேன், என்ன நடந்தது, காரணம் எது என்று கையால் எழுத வேண்டும். "சரியாகிவிட்டதே, எதற்கு எழுத வேண்டும்?" என்று கேட்பார்கள். எப்படிச் சரியானது என்று தெரியாமல் சரியானது மறுநாள் மறுபடி கெடும். இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டால் முழு நிரலையும் நொடியில் எழுதித் தருகிறது. நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் முதல் ஆறு மாதம் அதைத் தொடாதீர்கள் என்று மாணவர்களிடம் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். ராவிப் பழகாத கைக்கு, மிஷின் அறுத்துத் தந்த துண்டு கோணலாக இருப்பது தெரியாது.

தொடக்க நிலையைத் தாண்டி இடைநிலைக்கு வந்துவிட்டதை எப்படி அறிவது? சான்றிதழ் அதைச் சொல்லாது. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்த ஓர் அம்மாவின் கதையைச் சொன்னால் விளங்கும்.

அவருக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு பிள்ளைகள். தமிழ்நாட்டு அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் பெண்கள் சேர உச்ச வயது வரம்பு கிடையாது. அதைக் கேள்விப்பட்டு வந்து சேர்ந்தவர். வகுப்பில் எல்லோரும் அவரை அக்கா என்றார்கள். ஊரில் ஒரு மகளிர் சுய உதவிக் குழுவுக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஆண்டு இறுதிச் செய்முறை வேலைக்கு என்ன செய்யலாம் என்று கேட்டபோது, "எங்கள் குழுவின் கடன் கணக்கையே நிரலாக எழுதுகிறேன், சார்" என்றார்.

பைதானில் நன்றாகத்தான் எழுதினார். அசலைக் கொடுத்தால், மாதம் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் வீதம் வட்டியைக் கணக்கிட்டு, முழு ரூபாயாக்கி, எல்லோருடையதையும் கூட்டிக் காட்டும். குழுவின் நோட்டுப் புத்தகத்தோடு ஒப்பிட்டார். நிரல் நான்கு ரூபாய் குறைத்துக் காட்டியது.

வேறு யாராவது என்றால் நான்கு ரூபாய்தானே என்று விட்டிருப்பார்கள். குழுப் பணத்தில் நான்கு ரூபாய் குறைந்தால் என்ன பேச்சு வரும் என்று அவருக்குத் தெரியும். ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்தார். 8,500 ரூபாய் வாங்கியவருக்கு வட்டி 127 ரூபாய் 50 பைசா. நோட்டில் 128, நிரலிலும் 128. சரி. 7,500 ரூபாய் வாங்கியவருக்கு 112 ரூபாய் 50 பைசா. நோட்டில் 113, நிரலில் 112. இரண்டுமே ஐம்பது பைசாதான். ஒன்றை மேலே ஏற்றிய கணினி மற்றொன்றை ஏன் கீழே இறக்கியது? 1,500, 3,500, 5,500, 7,500 வாங்கிய நான்கு பேருக்கும் ஒவ்வொரு ரூபாய் குறைந்திருந்தது.

எனக்கும் உடனே விடை தெரியவில்லை. அவரிடம் அதைச் சொன்னேன். பைதானின் விளக்க ஆவணத்தைத் திறந்து இருவருமாக ஒவ்வொரு சொல்லாகப் படித்தோம். முழு எண்ணாக்கும் கட்டளை, சரியாகப் பாதியில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோகும் என்று அதில் எழுதியிருந்தது. 127.5க்கு அருகில் இரட்டைப்படை 128, ஏறியது. 112.5க்கு அருகில் இரட்டைப்படை 112, இறங்கியது. எல்லாப் பாதியையும் மேலேயே ஏற்றினால் பெரிய கணக்குகளில் கூட்டுத்தொகை ஒரே பக்கமாகச் சாயும் என்பதற்காக வைத்த விதி. நல்ல விதிதான். ஆனால் அது அந்தக் குழுவின் விதி இல்லை. ஐம்பது பைசா வந்தால் மேலே ஏற்று என்றுதான் அவர்கள் முடிவு செய்திருந்தார்கள்.

மறுநாள் அவரே தீர்வோடு வந்தார். வட்டியை முதலில் பைசாவாக வைத்துக்கொள்வது, அதோடு 50 சேர்ப்பது, 100ஆல் வகுத்து மீதியை விட்டுவிடுவது. 11,250 பைசாவோடு 50 சேர்ந்தால் 11,300; வகுத்தால் 113. ரூபாயைப் புள்ளியோடு வைத்துக்கொள்ளாமல் பைசாவாக வைத்துக்கொண்டதால் இன்னொரு தொல்லையும் தீர்ந்தது. பைதானில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வராது, அந்த 3க்குப் பின் பதினைந்து சுழியங்கள் வந்து, கடைசியில் ஒரு 4 ஒட்டிக்கொண்டு வரும். கணினி பயன்படுத்தும், 0, 1 மட்டுமே கொண்ட இரும எண்முறையில் அந்தப் பின்னங்களைச் சரியாக எழுத முடியாது என்பதே காரணம். பணக் கணக்கு எழுதுகிற ஒவ்வொருவரும் ஒரு நாள் இதில் இடறுகிறார்கள்.

கணினி சொன்ன விடையை அப்படியே நம்பாமல் தெரிந்த கணக்கோடு ஒப்பிட்டார். வித்தியாசத்தைச் சுருக்கிச் சுருக்கி ஒரு வரிக்குள் கொண்டுவந்தார். ஆவணத்தைப் படித்தார். யாருடைய விதி என்று கேட்டார். இந்த நான்கு நாள் வேலையைத்தான் இடைநிலை என்கிறேன். அதன்பிறகு முந்நூறு வரியாக நீண்டு கிடந்த நிரலைச் சிறு சிறு செயல்கூறுகளாகப் பிரிக்கவோ, தரவுத்தளத்தோடு இணைக்கவோ அவரை நான் தள்ளிவிட வேண்டியிருக்கவில்லை.

தமிழர்களுக்கென்றே இன்னொரு பாடமும் உண்டு. ஒரு மாணவன் தன் தங்கைக்காகச் சொல் கண்டுபிடிக்கும் விளையாட்டு எழுதினான். மறைத்த சொல்லில் எத்தனை எழுத்தோ அத்தனை கட்டம் திரையில் வர வேண்டும். 'தமிழ்' என்ற சொல்லை வைத்தான். மூன்று கட்டம் வருவதற்குப் பதில் ஐந்து வந்தது. கணினி எழுத்துகளைக் குறித்துவைக்கும் யுனிகோடு முறையில் த ஒன்று, ம ஒன்று, இகரக் குறி ஒன்று, ழ ஒன்று, புள்ளி ஒன்று. நாம் ஓரெழுத்து என்று வாசிப்பதை அது இரண்டாக எண்ணுகிறது. 'கிருஷ்ணன்' நமக்கு ஐந்து எழுத்து, அதற்கு ஒன்பது. சொல்லைத் திருப்பிப் போடச் சொன்னால் புள்ளி முன்னால் வந்து அநாதையாக நிற்கும். துணைக்குறிகளை எண்ணாமல் விட்டுவிடும் வழியை அவனே தேடிப் பிடித்தான். ஸ்ரீ, க்ஷ வரும் சொற்கள் அதற்கும் அடங்காமல் தனியே படுத்தின. ஆங்கிலத்தில் எழுதிய பாடநூல் எதுவும் இந்தச் சிக்கலை முதல் அத்தியாயத்தில் சொல்லாது. மெய்யும் உயிர்மெய்யும் தெரிந்த பிள்ளைக்கு இது கையருகே கிடக்கும் நல்ல பயிற்சி.

வேலை பற்றியும் பேச வேண்டும். ஓராண்டு கோபா முடித்ததும் பெரிய மென்பொருள் நிறுவனம் கூப்பிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அலுவலகக் கணினிப் பணி, இ-சேவை மையம், 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடக்கும் தொழில் பழகுநர் பயிற்சி ஆகியவைதான் பெரும்பாலும் முதல் படிகள். அங்கே இருந்தபடி தொடர்ந்து எழுதுகிறவர்கள் மேலே போகிறார்கள். எழுதுவதை நிறுத்தியவர்கள் அங்கேயே நிற்பதையும் பார்த்திருக்கிறேன்.

அரசு நிலையங்களில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு, பஸ் பாஸ் உண்டு. அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்தவுடன் விண்ணப்பம் தொடங்கிவிடும். அருகிலுள்ள அரசு தொழிற்பயிற்சி நிலையத்துக்கு நேரில் போனாலே விண்ணப்பிக்க உதவுவார்கள். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் அட்டை ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே நூறு பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்றும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே அதில் எழுத வேண்டிவரும்.

நன்றி, வணக்கம்.