வெள்ளை நிற வாம்பயர் தவறா? மேஜிக் அட்டைகளில் இனங்களின் ஒழுங்கு

வணக்கம் நண்பர்களே. அண்ணா நகரில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நாங்கள் சிலர் கூடி 'மேஜிக்: தி கேதரிங்' என்ற அட்டை ஆட்டம் ஆடுவது, இந்தச் சேனலைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும். அந்த மேசையில் அண்மையில் எழுந்த வாக்குவாதம் ஒன்று ஆட்டம் முடிந்த பின்னும் அடங்கவில்லை. எனவே அதையே இன்றைய காணொளிக்கு எடுத்துக்கொள்கிறேன். குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், தம் எதிரில் இறங்கிய வெள்ளை நிற வாம்பயர் அட்டையைப் பார்த்துவிட்டு, "இரத்தம் குடிக்கும் காட்டேரிக்கு வெள்ளை நிறம் எப்படி அண்ணா பொருந்தும்? ஒரு தொகுப்பில் கறுப்பு, இன்னொன்றில் கறுப்பும் சிவப்பும், இதில் வெள்ளை. எழுதுகிறவர்களுக்கே தங்கள் உலகம் மறந்துபோய்விட்டதா?" என்று கேட்டார்.

இந்த ஆட்டத்தை அறியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே நிறம் என்பது தோலின் நிறத்தைக் குறிப்பதில்லை. அது ஒரு மனப்போக்கு. வெள்ளை ஒழுங்கையும் சமூகத்தையும் நாடுவது, நீலம் அறிவை நாடுவது, கறுப்பு தன்னலத்தையும் அதிகாரத்தையும் நாடுவது, சிவப்பு உணர்ச்சியின் வேகம், பச்சை இயற்கையின் வழி. 1993-இல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்து வெளிவந்த நாள் முதல் இந்த ஐந்து நிறங்கள் மாறவில்லை. ஆனால் கதை நடக்கும் உலகங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. டொமினேரியா, ஜென்டிகர், இன்னிஸ்ட்ராட், இக்ஸாலான் என்று ஒவ்வொன்றும் தனி உலகம்; அந்தப் பெயரிலேயே அட்டைத் தொகுப்பும் வெளிவரும். ஒன்றில் வாழும் வாம்பயருக்கு மற்றொன்றில் வாழும் வாம்பயர் உறவினரும் அல்லர், அண்டை வீட்டாரும் அல்லர். ஆகவே ஓர் இனம் எல்லா உலகங்களிலும் ஒரே முகத்தோடு வர வேண்டும் என்று கேட்பதைவிட, அது மேசையின் மீது என்ன செய்கிறது, அப்படிச் செய்வதற்கு அந்த உலகம் என்ன காரணம் சொல்கிறது என்ற இரண்டையும் சேர்த்துக் கேட்பதே சரியான விசாரணை என்பது என் கருத்து.

இந்த அட்டையைக் கேமராவுக்கு அருகில் கொண்டுவருகிறேன். மினுமினுக்கும் ஃபாயில் அட்டை என்பதால் நம் சென்னைக் காற்றின் ஈரத்தில் சற்று வளைந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். இது செங்கிர் வாம்பயர். முதல் தொகுப்பிலேயே வந்தது. களமிறக்க ஐந்து மானா, அதாவது மந்திர ஆற்றல், செலவு; 4/4, அதாவது தாக்கும் வலிமை 4, தாங்கும் உறுதி 4; பறக்கும். இதனால் காயம்பட்ட உயிரினம் அதே சுற்றில் இறந்தால், இதன் மீது ஒரு +1/+1 கவுன்ட்டர், அதாவது அந்த இரண்டு எண்களையும் ஒவ்வொன்று கூட்டும் அடையாளக் காய், ஏறும். குடித்தது உடம்பில் ஒட்டுகிறது என்பதை ஓவியத்தின் துணையில்லாமல் விதியே சொல்லிவிடுகிறது. 2009-இல் வந்த ஜென்டிகரில் குல் டிராஸ் வாம்பயர் என்ற ஒரு மானா அட்டை உண்டு. சாதாரணமாக அது 1/1 தான். ஆனால் எதிராளியின் உயிர்ப்புள்ளிகள் 10 அல்லது அதற்குக் கீழே இறங்கிவிட்டால் அது +2/+1 பெற்று, தடுப்பதற்கும் கடினமாகிவிடும். காயத்தின் வாடை பட்டதும் வெறி ஏறுகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக எழுத முடியாது. 2011-இல் வந்த இன்னிஸ்ட்ராடில் பிளட்கிரேஸ்ட் நியோனேட் என்ற இளம் வாம்பயர் ஒவ்வொரு சுற்றும் தாக்கியே தீர வேண்டும்; தன்னை அடக்கிக்கொள்ள அதற்குத் தெரியாது. சண்டையில் எதிர் ஆட்டக்காரரைக் காயப்படுத்தினால் அதன் மீதும் ஒரு கவுன்ட்டர் ஏறும்.

பிறருடைய உயிரைத் தன் வலிமையாக மாற்றிக்கொள்ளும் செயல் மூன்று அட்டைகளிலும் ஒன்றாக இருக்க, காரணம் மட்டும் உலகத்துக்கு உலகம் வேறுபடுகிறது என்பதைக் கவனியுங்கள். ஜென்டிகரின் வாம்பயர்கள் எல்ட்ராஸி என்ற பேருருக்களுக்கு அடிமைகளாக இருந்தவர்களின் வழியினர். இன்னிஸ்ட்ராடில் எட்கர் மார்கோவ் என்ற முதியவர், பஞ்சத்தின் நடுவே தேவதையின் இரத்தத்தைக் கொண்டு செய்த ஒரு சடங்கில் அந்த இனமே பிறக்கிறது. அவர்கள் மாளிகைகளில் வாழும் பிரபுக் குடும்பத்தினர், இச்சைக்கு அணை போடாதவர்கள், எனவே கறுப்போடு சிவப்பும் சேர்கிறது. 2017-இல் வந்த இக்ஸாலானில் அவர்கள் டொரெஸான் என்ற கண்டத்திலிருந்து கப்பலேறி வந்து, சமயத்தின் பெயரால் அயலார் நிலத்தைப் பிடிப்பவர்கள். அவர்களுக்குத் தாகம் என்பது புனிதர் எலெண்டா ஏற்றுக்கொண்ட தியாகத்தின் தொடர்ச்சி; அதைத் தவம்போல் சுமக்கிறோம் என்று அவர்கள் நம்புகிறார்கள். ஒழுங்கு, விசுவாசம், அணிவகுப்பு, பிறர் மீது திணிக்கப்படும் நன்மை ஆகிய அனைத்தும் வெள்ளை நிறத்தின் குணங்கள்தாம். அவற்றின் கொடிய முகத்தைக் காட்டுவதற்கு வாம்பயரைவிடப் பொருத்தமான இனம் கிடைக்காது. அங்கும் அவர்கள் செய்யும் காயம் லைஃப்லிங்க் என்ற திறனால் தங்கள் உயிர்ப்புள்ளிகளைத்தான் கூட்டுகிறது. ஆகவே தம்பி சொன்ன தவறு அங்கே இல்லை என்று தீர்ப்பளித்துவிடுகிறேன்.

உண்மையான தவறுகள் பழைய அட்டைகளில் இருக்கின்றன, அவை நிறத்தைப் பற்றியவையும் அல்ல. லார்ட் ஆஃப் அட்லாண்டிஸ் என்ற 1993-ஆம் ஆண்டு அட்டை எல்லா மெர்ஃபோக்குக்கும், அதாவது நீரில் வாழும் மக்களுக்கு, +1/+1 வலிமை தருகிறது. ஆனால் அன்றைய அச்சில் அதன் வகை வரியில், அதாவது உயிரினம் எந்த வகை என்று சொல்லும் வரியில், மெர்ஃபோக் என்ற சொல்லே கிடையாது. ரேஷன் கார்டில் தன் பெயர் மட்டும் விடுபட்டுப்போன குடும்பத் தலைவரைப் போல அவர் தம் மக்களுக்கு எல்லாம் வாங்கிக்கொடுத்துக்கொண்டிருந்தார். மனிதர்களின் நிலைமை அதைவிட விசித்திரம்: 2003-இல் மிர்ரோடின் வெளிவரும் வரை 'மனிதர்' என்று ஓர் இனமே அட்டைகளில் இல்லை, மந்திரவாதி, படைவீரர் என்று தொழில் மட்டும் எழுதப்பட்டிருந்தது. இனமும் தொழிலும் சேர்ந்து வர வேண்டும் என்ற முறை அந்தத் தொகுப்பில் தொடங்கி, 2007-இல் பழைய அட்டைகளின் வகைகள் மொத்தமாகத் திருத்தப்பட்டபோது, முன்பு அச்சானவற்றுக்கும் பொருந்தும்படி ஆயிற்று.

இந்தத் திருத்தம் வெறும் எழுத்தர் வேலை என்று நினைப்பவர்களுக்கு அவாப்ரக் நகரின் மேயரைக் காட்ட விரும்புகிறேன். இன்னிஸ்ட்ராடின் இருபக்க அட்டைகளுள் இது ஒன்று. முன்பக்கத்தின் வகை வரியில் மனிதர், ஆலோசகர், ஓநாய்மனிதர் என்று மூன்று சொற்கள் இருக்கின்றன. அவர் உங்களிடமுள்ள பிற மனிதர்களுக்கு +1/+1 தருகிறார். அட்டையைத் திருப்பினால் 'மனிதர்' என்ற சொல் அந்த வரியிலிருந்து மறைந்துவிடுகிறது. இப்போது அவர் ஓநாய்களுக்கும் ஓநாய்மனிதர்களுக்கும் அதே +1/+1 தருவதோடு, சுற்றுதோறும் ஒரு புதிய ஓநாயையும் வரவழைக்கிறார். பகலில் ஊரைக் காத்தவர் இரவில் ஊரைத் தின்னும் கூட்டத்துக்குத் தலைவர். மனிதர் என்பது ஓர் இனமாகப் பதிவாகாமல் இருந்திருந்தால் இந்த அட்டையை எழுதியிருக்கவே முடியாது.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். 2007 அக்டோபரில் லோர்வின் என்ற உலகம் வந்தது. அங்கே மனிதர்களே இல்லை, இரவும் இல்லை. 2008 மே மாதத்தில் அதே நிலம் ஷாடோமூர் என்ற பெயரில் மீண்டும் வந்தபோது பகல் போய்விட்டிருந்தது. அரோரா என்ற பெருமாற்றம் நிலத்தைத் திருப்பிப் போட, மக்களின் நினைவும் குணமும் அதோடு சேர்ந்து திரும்பிவிடுகின்றன. இனங்களின் ஒழுங்கைக் குலைப்பதற்கென்றே எழுதப்பட்ட கதை இது. ஆனால் என் கணக்கில் ஒழுங்கு மிகவும் கவனமாகக் காக்கப்பட்ட இடமும் இதுவே.

கித்கின் என்ற குள்ள மக்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் உணர்வதைச் சுற்றியிருப்பவர் அனைவரும் உணரும்படி அவர்களுடைய மனங்கள் ஓர் இழையால் பின்னப்பட்டிருக்கின்றன. லோர்வினில் அந்த இழையால் ஒரு கிராமமே ஒரே குடும்பம்போல் உழுகிறது, சிரிக்கிறது, படை திரட்டுகிறது. வைஸன்ட் சென் போன்ற ஒரு பெரியவர் களத்தில் நின்றால் மற்ற கித்கின் எல்லோரும் +1/+1 பெறுகிறார்கள். ஷாடோமூரில் அந்த இழை அறுபடவில்லை. அங்கே ஒருவருக்கு ஏற்படும் அச்சம் ஊர் முழுவதும் பரவுகிறது, அதனால் மதில் உயர்கிறது, கதவு அடைக்கப்படுகிறது, வெளியாள் யாராயினும் பகைவராகிவிடுகிறார். குணம் முற்றிலும் எதிர்த்திசைக்குப் போனபோதும், அந்தக் குணத்தைப் பிறப்பித்த இயல்பில் ஒரு மாற்றமும் செய்யப்படவில்லை.

எல்ஃப் என்ற வனமக்களின் கதையும் அப்படியே. லோர்வினில் அவர்கள் அழகை வழிபடுகிறவர்கள். அழகில்லாதவற்றைக் கண்ணுக்கு வந்த நோய் என்று சொல்லி வேட்டையாடுகிறவர்கள். ஐபிளைட்ஸ் எண்டிங் என்ற அட்டையின் விதியைப் படித்தால் முதுகு சில்லிடும்: எல்ஃப் அல்லாத ஓர் உயிரினத்தை அது அழிக்கிறது. இனவெறியை இத்தனை குறைந்த சொற்களில் விதியாக்கிய வேறோர் அட்டையை நான் ஆடியதில்லை. ஷாடோமூரில் அவர்களே, எஞ்சியிருக்கும் அழகையெல்லாம் உயிரைக் கொடுத்துக் காக்கும் காவலர்களாகி, கறுப்பையும் பச்சையையும் விட்டுப் பச்சைக்கும் வெள்ளைக்கும் வந்துவிடுகிறார்கள். அழகின் மீதான பற்று இரண்டிலும் உண்டு. அழகு மலிந்திருந்த காலத்தில் அது செருக்காக இருந்தது, அரிதானபோது கடமையாகிவிட்டது. பகலின் உலகில் +1/+1 கவுன்ட்டர்களும் இருளின் உலகில் -1/-1 கவுன்ட்டர்களும் புழங்குவதைப் பார்த்தால், நிலத்தின் மாற்றம் நம் கைவிரல் நுனி வரை வந்துவிடுவது விளங்கும்.

வெயிலின் கொடுமையால் முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலை என்ற வடிவம் கொள்ளும் என்று சிலப்பதிகாரத்தில் படித்த நமக்கு இந்த உத்தி அந்நியமாகத் தோன்றாது. தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, செய்தி, யாழ் என்று தொல்காப்பியம் கருப்பொருளை வகுத்திருப்பதும் ஓர் உலகத்தைக் கட்டுபவருக்குக் கையில் இருக்க வேண்டிய வரிசைதான். ஆனால் ஐந்து திணைக்கு ஐந்து நிறம் என்று பொருத்தி, திணைக்கு ஓர் இனம் என்று அட்டை எழுதிவிடும் ஆசை நம்மூர் ஆட்டக்காரர் பலருக்கும் வருகிறது. அதில் எனக்கு உடன்பாடு இல்லை. குறவரும் ஆயரும் பரதவரும் ஒரே மனித இனத்தவர். நிலம் அவர்களுக்குத் தொழிலையும் தெய்வத்தையும் தருகிறது, வேறு உடலைத் தருவதில்லை. அவர்களை எல்ஃப், கோப்ளின் போன்ற கற்பனை இனங்களின் வரிசையில் நிறுத்தினால் திணை மரபையும் இழப்போம், ஆட்டத்தையும் கெடுப்போம்.

ஓர்க் என்ற முரட்டு அரக்க இனத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1993-இன் அயர்ன்கிளா ஓர்க்ஸ், வலிமை 2 அல்லது அதற்கு மேல் உள்ள எதையும் தடுக்க மறுக்கும் கோழைகள். பின்னர் அந்த இனம் நெடுங்காலம் ஏறக்குறைய மறைந்தே போய், 2014-இல் டார்க்கிர் உலகில் அஞ்சாத போர்வீரர்களாகத் திரும்பி வந்தது. கோழைத்தனம் எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. வேறு உலகம் என்ற விடை இங்கே எனக்குச் சற்று வசதியான விடையாகவே படுகிறது, ஏனெனில் வாம்பயருக்கு இருப்பதைப் போல எங்கும் மாறாத ஒரு செயல் ஓர்க்குக்கு ஒருபோதும் தரப்படவில்லை.

கடைசியாக, என்னால் ஏற்க முடியாத ஒரு மாற்றம். டார்க்கிரிலும் ஆமொன்கெட் என்ற மற்றோர் உலகிலும் நாகர் என்று தனி இனமாக அச்சான அட்டைகள் இப்போது பாம்பு என்ற பொது வகைக்குள் சேர்க்கப்பட்டுவிட்டன. விதியின் பக்கம் இதற்கு நியாயம் உண்டு. கமிகாவா என்ற உலகில் வந்த செஷிரோ என்ற தலைவர் பிற பாம்புகளுக்கெல்லாம் +2/+2 தருகிறார். சிறிய வகைகளாகச் சிதறிக் கிடந்தவை ஒன்றானால் அவருக்கு ஒரு நல்ல டெக், அதாவது ஆடுவதற்கான அட்டைக்கட்டு, கிடைக்கிறது, புதிதாக ஆட வருபவருக்கும் நினைவில் கொள்ள வேண்டிய பெயர்கள் குறைகின்றன. ஆனால் டார்க்கிரின் சிடிசி சூழ்ச்சியால் அரியணை ஏறி ஒரு பேரரசை ஆண்டவள். அவளையும், காட்டில் ஊர்ந்து இலைக்கடியில் பதுங்கும் பாம்பையும் வகை வரி இன்று ஒரே சொல்லால் அழைக்கிறது. மேயரின் அட்டையில் ஒரு சொல் மறைந்தபோது அந்த மறைவுக்குக் கதையில் காரணம் இருந்தது. சிடிசியின் அட்டையில் ஒரு சொல் மறைந்ததற்கு அவளுடைய உலகில் எந்தக் காரணமும் நிகழவில்லை. அண்ணா நகர் மேசையில் செஷிரோவோடு சிடிசியைச் சேர்த்து ஆடுபவர்களை நான் தடுப்பதில்லை, விதி அவர்கள் பக்கம் இருக்கிறது. எங்கள் வீட்டு ஆட்டங்களில் மட்டும் பழைய அச்சில் உள்ளபடி அவளை நாகர் என்றே கணக்கில் கொள்கிறோம், அந்த +2/+2 அவளுக்குக் கிடையாது.