வாலைப் பிடித்தால் விமானம் சிக்கும்

எல்லோருக்கும் வணக்கம்.

1939 செப்டம்பர் 6. பிரிட்டன் போரில் இறங்கி மூன்றே நாள். பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் போர் விமானங்கள் முதன்முதலாகச் சுட்டு வீழ்த்தியது எதைத் தெரியுமா? சொந்தப் படையின் ஹரிக்கேன் போர் விமானங்கள் இரண்டை. ஒரு விமானி இறந்துபோனார். தினமும் விமானத்தோடு பழகியவர்களுக்கே கண் ஏமாற்றியது என்றால், பழைய புத்தகத்தில் ஒரு விமானத்தின் கறுப்பு நிழலுருவைப் பார்த்துவிட்டு, எந்த விமானம் என்று தெரியாமல் திணறும் நாம் வெட்கப்பட வேண்டியதில்லை.

அந்தக் காலத்தில் இறக்கை, இன்ஜின், உடல், வால் என்ற வரிசையில் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள். சில நொடிகளில் முடிவெடுக்க வேண்டியவர்களுக்கு அது சரி. நமக்கோ நேரம் நிறைய, சந்தேகப் பட்டியலும் நீளம். அதனால் நான் வாலில்தான் தொடங்குவேன்.

இறக்கையை நம்பினால் கூட்டத்தில் மாட்டிக்கொள்வோம். நீள்வட்ட இறக்கை என்றதும் ஸ்பிட்ஃபயர் என்கிறோம். ஜெர்மனியின் ஹைன்கல் 70 விமானத்துக்கும் அதே மாதிரி இறக்கைதான். வாலில் மட்டும் அந்தந்த நிறுவனத்தின் கையெழுத்து தங்கிவிடுகிறது. அமெரிக்காவின் லாக்ஹீட் நிறுவனத்து எலெக்ட்ரா விமானத்தின் மாதிரியை மிச்சிகன் பல்கலைக்கழகக் காற்றுச் சுரங்கத்தில் சோதித்தபோது, அது பறக்கும்போது திசை மாறாமல் நேராக நிற்காது என்று கண்டவர் கெல்லி ஜான்சன் என்ற மாணவர். தீர்வாக வந்தது இரட்டை வால் துடுப்பு, அதாவது வாலில் செங்குத்தாக நிற்கும் தகடு இரண்டு. 1934-இல் எலெக்ட்ரா பறந்தது. அப்புறம் ஹட்சன், பி-38 என்று அந்த நிறுவனத்தை விட்டு அந்தப் பழக்கம் போகவில்லை. கான்ஸ்டெலேஷனில் மூன்றாகவே பெருகிவிட்டது.

ஆனால் வேறு நிறுவனத்தின் பீச்கிராஃப்ட் 18-க்கும் இரட்டைத் துடுப்பு, இரட்டை இன்ஜின், தாழ்ந்த இறக்கை. லாக்ஹீட் 12-ஐப் பீச்கிராஃப்ட் 18 என்று இரண்டு நாள் சாதித்து அசடு வழிந்தவன் நான். வேறுபாடு சின்னது. பீச்கிராஃப்டில் துடுப்புகள் கிடைவாலின், அதாவது வாலில் படுக்கையாக இருக்கும் சிறு இறக்கையின், இரு நுனிகளிலும் நிற்கும். லாக்ஹீடில் கிடைவால் துடுப்பைத் தாண்டி வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். மேலிருந்தோ கீழிருந்தோ பார்த்த நிழலுருவில் அந்தத் துண்டைத் தேடுங்கள்.

பக்கவாட்டு நிழலில் என் முறை கவிழ்ந்துவிடும். இரண்டு துடுப்பும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒற்றை வால்போலத் தெரியும். துடுப்பு உடலுக்குக் கீழேயும் எட்டிப் பார்த்தால் சந்தேகப்படுங்கள். இன்னொன்று, நிழலுருவுக்கு அளவு கிடையாது. குட்டி விமானமும் குண்டுவீச்சு விமானமும் தாளில் ஒரே நீளம்தான்.

சில நேரம் நிழலுரு அச்சுப்பிழைபோல இருக்கும். ஜெர்மனியின் புளோம் உண்ட் ஃபாஸ் 141-ஐப் பாருங்கள். இன்ஜினும் வாலும் ஒரு தண்டில். ஆட்கள் உட்காரும் கூடு அதற்கு வலப்பக்கம் தனியாக. பின்னால் சுடுபவருக்குப் பார்வை மறைக்கிறது என்று, பிற்கால வகையில் வலப்பக்கக் கிடைவாலையும் ஏறக்குறைய வெட்டிவிட்டார்கள். கீழிருந்து பார்த்தால் அந்த வலது நமக்கு இடதாகத் தெரியும். படத்தைத் திருப்பி அச்சிட்டுவிட்டார்கள் என்று அவசரப்பட்டுவிடாதீர்கள்.