சனி, ஞாயிறு மட்டும்: மெக்சிகன் ஓட்டலில் காலைச் சாப்பாடு

[காட்சி: தெருமுனையில் ஒரு சின்ன ஓட்டல். வாசலில் குழந்தைகளோடு காத்திருக்கும் குடும்பங்கள்.]

லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் ஆற்றுக்குக் கிழக்கே பாயில் ஹைட்ஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழும் இடம். அங்குள்ள மரியாச்சி பிளாசாவில் பாட்டுக்காரர்கள் கிட்டாரும் கையுமாக நிற்பார்கள். கல்யாணம், பிறந்தநாள் என்று யாராவது வந்து அழைத்துப் போவார்கள். அந்தப் பக்கத் தெருக்களில் குடும்பமாக நடத்தும் சின்னச் சின்ன ஓட்டல்கள் நிறைய. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அப்படி ஓர் ஓட்டலுக்குள் போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன கேட்டுச் சாப்பிடுவது? அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

மெனு கார்டை அப்புறம் திறக்கலாம். முதலில் சுவரைப் பாருங்கள். பெரும்பாலும் கையால் எழுதிய தாள் ஒன்று ஒட்டியிருக்கும்: 'சாபதோ இ தொமிங்கோ', அதாவது சனி, ஞாயிறு. அந்தத் தாளில் இருப்பவற்றைத்தான் நீங்கள் கேட்க வேண்டும். மற்றதெல்லாம் எந்த நாளும் கிடைக்கும். இவை ராத்திரியெல்லாம் யாரோ கண்விழித்துச் சமைத்தவை.

[காட்சி: ஆவி பறக்கும் பெரிய பானை. கரண்டியில் சிவப்புச் சாறு.]

தாளில் முதல் பெயர் அநேகமாக மெனூதோவாகத்தான் இருக்கும். மாட்டு இரைப்பையில், அதாவது போட்டியில், செய்யும் சூப். போட்டியை உப்பும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்து, வாடை போகும்வரை பல தண்ணீரில் அலசுவார்கள். இந்த வேலையில் அவசரப்பட்டால் பானை முழுக்கக் கெட்டுவிடும். கூடவே மாட்டுக்காலும் சேரும். நம் ஊர்ப் பாயாவில் உதடு ஒட்டுமே, அந்தப் பிசுபிசுப்பு இதிலும் அதனால்தான் வருகிறது. நாலைந்து மணி நேரமாவது மெல்லிய தீயில் கொதிக்க வேண்டும். பிறகு குவாஹீயோ என்ற காய்ந்த மிளகாயை விதை நீக்கி, லேசாக வறுத்து, ஊறவைத்துப் பூண்டோடு அரைத்து வடிகட்டி ஊற்றுவார்கள். நிறம் அடர்சிவப்பு, ஆனால் காரம் மிதம்தான். மெக்சிகோவின் சொனோரா மாநிலத்துக்காரர்கள் மிளகாய் சேர்க்காமல் வெள்ளையாகவே வைப்பார்கள். எது ஒசத்தி என்ற வாக்குவாதம் ஓய்வதே இல்லை.

கிண்ணத்தோடு ஒரு தட்டும் வரும். பொடியாக நறுக்கிய வெங்காயம், எலுமிச்சைத் துண்டு, இடித்த மிளகாய், காய்ந்த ஓரிகானோ. ஓரிகானோவை அப்படியே தூவாதீர்கள். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் கசக்கிப் போடுங்கள், வாசனை சட்டென்று எழும்பும். முதல்நாள் இரவு குடித்தவர்களுக்கு மறுநாள் காலை தலைவலி போக இதுதான் மருந்து என்பார்கள். ஆனால் மேஜைகளைப் பார்த்தால் பாட்டியும் பேரப்பிள்ளைகளுமாகத்தான் இருக்கிறார்கள். தேவாலயத்துக்குப் போய்விட்டு நேரே இங்கே வருகிற குடும்பங்கள் பல.

[காட்சி: கிண்ணத்துக்குள் வெள்ளையாகப் பூத்த சோளமணிகள், மிக அருகில்.]

அந்தச் சூப்பில் மிதக்கும் பெரிய மக்காச்சோள மணிகளைக் கவனியுங்கள். இந்தச் சமையலின் அடிப்படையே அதில்தான் இருக்கிறது. சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ராத்திரி முழுக்க அதிலேயே ஊறவிடுவார்கள். காலையில் கழுவும்போது மேல்தோல் வழுக்கிக்கொண்டு கழன்றுவிடும். இதற்கு நிஸ்தமால் என்று பெயர். அரைத்தால் தோர்தியா என்ற மெல்லிய ரொட்டிக்கு மாவு, முழுசாக வேகவைத்தால் இந்த மணிகள்.

தோலை எடுப்பதற்கு மட்டுமல்ல இந்தச் சுண்ணாம்பு. சோளத்தில் நயாசின் என்ற வைட்டமின் இருக்கிறது, ஆனால் நம் உடம்பு எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டுண்டு கிடக்கிறது. சுண்ணாம்புதான் அதை விடுவிக்கிறது. சோளம் கடல் கடந்து ஐரோப்பாவுக்குப் போனது, இந்தப் பக்குவம் கூடப் போகவில்லை. சோளத்தையே நம்பி வாழ்ந்த ஸ்பெயின், இத்தாலி ஏழைகளுக்குத் தோல் வெடித்து, வயிறு கெட்டு, புத்தி பேதலிக்கும் பெலாக்ரா நோய் வந்தது. ஸ்பெயின் மருத்துவர் காஸ்பர் கசால் 1735-இலேயே அதைப் பற்றி எழுதியிருக்கிறார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் இதே நோயில் ஆயிரக்கணக்கானவர்கள் இறந்தார்கள். மெக்சிகோ, குவாதமாலா கிராமத்துப் பெண்களோ 3,000 ஆண்டுகளுக்கு மேலாகச் சோளத்தைச் சுண்ணாம்பில் ஊறவைத்துக்கொண்டே இருந்தார்கள். எனக்கு இதைவிடப் பெரிய சமையல் கண்டுபிடிப்பு எதுவும் தெரியாது.

சரி, போட்டி வேண்டாம் என்பவர்கள் சிலாக்கீலேஸ் கேளுங்கள். முந்தைய நாள் தோர்தியாவை முக்கோணமாக வெட்டி, பொரித்து, சால்சா என்ற சூடான காரச் சாற்றில் புரட்டித் தருவது. மேலே பாலாடை, உதிர்த்த சீஸ், வெங்காயம், ஒரு முட்டை. பரிமாறுபவர் "வெர்தே, ரோஹா?" என்பார். பச்சையா, சிவப்பா? பச்சைக்குக் காரணம் தொமாத்தியோ. காகிதம் போன்ற உறைக்குள் இருக்கும் புளிப்புக் காய், நம் வயலோரத்துச் சொடக்குத் தக்காளியின் இனம். முடிவெடுக்க முடியாவிட்டால் 'திவோர்சியாதோஸ்' என்று கேளுங்கள். தட்டில் ஒரு பாதி பச்சை, மறுபாதி சிவப்பாக வரும். வந்ததும் சாப்பிட்டுவிடுங்கள். ஓரம் மொறுமொறுப்பாக, நடு நனைந்து இருக்கும் பக்குவம் சில நிமிஷம்தான் நிற்கும்.

பர்பக்கோவாவும் வார இறுதிச் சமாச்சாரம்தான். இதால்கோ மாநிலத்தில் ஆட்டுக்கறியைக் கற்றாழை போன்ற மகேய் மடலில் சுற்றி, மண்ணில் தோண்டிய குழியில் ராத்திரி முழுக்க வேகவைப்பார்கள். அமெரிக்க நகரங்களில் குழிக்கு அனுமதி கிடைப்பது கஷ்டம் என்பதால் பெரிய பானையில் ஆவியில் வைக்கிறார்கள். டெக்சஸ் மாநிலம் பிரவுன்ஸ்வில்லில் உள்ள வேராஸ் என்ற கடையோ இன்னும் மாட்டுத் தலையைக் குழியிலேயே வேகவைக்கிறது, அதுவும் வார இறுதியில் மட்டும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். மசித்த பீன்ஸ் பார்க்கச் சைவமாகத் தெரியும், ஆனால் பல இடங்களில் பன்றிக் கொழுப்பில் தாளிக்கிறார்கள். சிவப்புச் சாதத்தையும் கோழி வேகவைத்த தண்ணீரில் வடிப்பது உண்டு. "மன்தேகா? காள்தோ தெ போயோ?" என்று கேட்டால் கொழுப்பும் கோழிச்சாறும் சேர்ந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள். வெட்கப்பட வேண்டியதில்லை, தினமும் யாராவது கேட்கிற கேள்விதான்.

[காட்சி: மண் குவளையில் காபி. பக்கத்தில் கண்ணாடி ஜாடியில் செந்நிறப் பானம்.]

குடிக்க, காஃபே தெ ஓயா. பட்டையும் வெல்லமும் போட்டு மண்பானையில் கொதித்த காபி. பால் கேட்காமல் ஒரு தடவை அப்படியே குடித்துப் பாருங்கள். வெயில் நாளானால் ஹமைக்கா நல்லது. புளிச்சக்கீரைச் செடியின் இனத்தில் காய்க்கும் சிவப்புப் புல்லிவட்டத்தை ஊறவைத்த புளிப்புப் பானம்.

பத்தரைக்குள் போய்விடுங்கள். பானை காலியானால் அந்த வாரம் அவ்வளவுதான், மதியத்துக்கு மறுபடி வைக்க மாட்டார்கள். சாப்பிட்டு முடித்த பிறகும் பில் தானாக வராது, உட்கார்ந்திருப்பவரை எழுப்புவது மரியாதையில்லை என்பது அவர்கள் வழக்கம். "லா க்வென்தா, போர் ஃபவோர்" என்று நீங்களே கேளுங்கள். டிப்ஸை முடிந்தால் ரொக்கமாகக் கொடுங்கள்.