கப்பல் வாடகை யார் தலையில்?

தலைவர் அவர்களே, இந்த வாசிகசாலையை இத்தனை காலமாக இழுத்துப்பிடித்து நடத்திவரும் செயலாளர் ஐயா அவர்களே, வேலைக்கு நடுவிலும் வந்து முன்வரிசையில் இருக்கும் பிரதேச செயலாளர் அம்மா அவர்களே, எனக்குக் கணிதம் படிப்பித்த, இன்றுவரை என் கணக்கை நம்பாத ஓய்வுபெற்ற அதிபர் அவர்களே, எல்லாருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்திய கடற்றொழிலாளர் சங்கத்தாருக்குத் தனி நன்றி. யாரையாவது விட்டிருந்தால் தேநீர் நேரத்தில் திட்டுங்கள்.

மூன்று விஷயம் பேசப்போகிறேன். மிதக்கும் எரிவாயு முனையம் எப்படி வேலை செய்கிறது, அதற்கு யார் காசு கட்டுகிறார்கள், கடலுக்கு என்ன நடக்கிறது.

முதலாவது சுருக்கம்தான். இயற்கை எரிவாயுவை மைனஸ் 162 பாகை செல்சியஸ் அளவுக்குக் குளிரவைத்தால் திரவமாகி, கன அளவு ஏறக்குறைய 600இல் ஒரு பங்காகிவிடும். அதை ஏற்றிவரும் கப்பல், கரையோரம் நிலையாகக் கட்டியிருக்கும் இன்னொரு கப்பலுக்கு மாற்றும். கட்டியிருக்கும் அந்தக் கப்பல்தான் மிதக்கும் முனையம். அது பெரும்பாலும் கடல்நீரின் சூட்டை வைத்தே திரும்ப வாயுவாக்கிக் கரைக்குத் தள்ளும். கரையில் கட்டப் பல வருடம் எடுக்கும், கப்பலென்றால் கெதியில் வந்துவிடும். உக்ரைன் போர் தொடங்கிய 2022ஆம் ஆண்டு முடியமுன்பே, டிசம்பரில், ஜெர்மனி வில்ஹெல்ம்ஸ்ஹாபனில் ஒன்றைத் திறந்துவிட்டது. ரஷ்யாவை விட்டால் எரிவாயுவுக்கு வேறு ஆளில்லாமல் இருந்த லிதுவேனியா, 2014இல் கிளைபேடாவுக்குக் கொண்டுவந்த கப்பலுக்கு வைத்த பெயரே 'இன்டிபென்டன்ஸ்'. ஆகவே கப்பலே வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு, அவ்வளவுதான்.

அளக்காமல் போட்ட கதை ஒன்று. எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவுக்கு, கரண்ட் போய்விடுமென்ற பயத்தில், நிர்வாகசபை ஒரு ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்தது. கடதாசியை ஒருவரும் வாசிக்கவில்லை. தலைவர் பந்தல்காரனோடு சண்டைபிடித்தபடியே கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்தப் பத்து நாளும், முருகன் அருளோ என்னவோ, கரண்ட் ஒரு நிமிடம்கூடப் போகவில்லை. ஜெனரேட்டர் புளியமரத்தடியில் நின்றது, பிள்ளைகள் அதன்மேல் ஏறியிருந்து கச்சான் தின்றார்கள், ஒரு ஆடு நிழலுக்குப் படுத்தது. தேர் முடிந்த மறுநாள் பில் வந்தது. "ஒருநாளும் ஓடேல்லையே!" என்று தலைவர் குதித்தார். ஜெனரேட்டர்காரர் அமைதியாகச் சொன்னார், "அண்ணை, நிண்டதுக்குத்தான் இந்தக் காசு. ஓடியிருந்தா டீசல் வேற." கச்சான் கடை வாடகை முழுக்க அதற்கே போனது.

வங்கதேசத்தின் மகேஷ்காளித் தீவுக்கு அப்பால் கடலில் இப்படி இரண்டு முனையக் கப்பல்கள் நிற்கின்றன, முதலாவது 2018இல் வந்தது. 2022இல் விலை வானத்துக்கு ஏறியபோது அந்த நாடு உடனடிச் சந்தையில், அதாவது அன்றன்றைய விலைக்கு, எரிவாயு வாங்குவதையே நிறுத்தியது. ஊரில் மின்வெட்டு, ஆனால் கப்பல் சும்மா நின்றாலும் கட்டவேண்டிய நிலைக்கட்டணம் ஒப்பந்தப்படி ஓடியது. அதே வருடம் ஜூலையில் பாகிஸ்தான் எரிவாயு வாங்கக் கேள்விப்பத்திரம் போட்டுப் பார்த்தது, விற்க ஒருவரும் வரவில்லை. 2024 மே ரெமால் புயலில் மிதந்துவந்த இரும்பு மிதவை ஒன்று இடித்து, மகேஷ்காளிக் கப்பல்களில் ஒன்று மாதக்கணக்கில் வேலை செய்யவில்லை.

நம் இலங்கைக்கு வருவோம். 2021 செப்டம்பரில் கொழும்புக்கு அருகே கெரவலப்பிட்டிய மின்நிலையத்தின் ஒரு பங்கை விற்பதோடு சேர்த்து மிதக்கும் முனையத்துக்கும் உடன்படிக்கை போட்டார்கள். எதிர்க்கட்சியும் தொழிற்சங்கமும் மட்டுமா, அமைச்சரவைக்குள் இருந்தவர்களே எதிர்த்தார்கள். இனி எந்த அரசு இதைத் தூசிதட்டி எடுத்தாலும், உடன்படிக்கை முழுவதும் தமிழிலும் சிங்களத்திலும் இதுபோன்ற ஒவ்வொரு வாசிகசாலை மேசையிலும் கையெழுத்துக்கு முன்பே இருக்கவேண்டும். கேட்டால் வணிக இரகசியம் என்பார்கள். சரி, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை எடுங்கள். பொதுநலன் பெரிதென்றால் அந்தச் சாட்டு நிற்காது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று ஆச்சிமார் சொன்னது கோயில் காசுக்கு மட்டுமில்லை, நாட்டின் மின்சாரக் காசுக்கும்தான்.

கடல் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். குளிர்ந்துபோன நீரையும், குழாயில் பாசி பிடிக்காமலிருக்கப் போடும் குளோரினையும் பற்றிக் கடற்றொழிலாளர் சங்கம் கேட்கவேண்டிய கேள்விகள் நிறைய உண்டு. தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார், அது இன்னொரு கூட்டத்துக்கு. உடன்படிக்கையைக் கையெழுத்துக்கு முன்பே காட்டு என்று கேட்கும் மனு வாசலில் இருக்கிறது. பிரதேச செயலாளர் அம்மா இங்கேயே இருப்பதால் முதல் பிரதியை இப்போதே அவர் கையில் கொடுக்கிறேன். நன்றி, வணக்கம்.